தினமும் ‘ஆம்’ என்றிருந்த பதிவேடு

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூவரும் என் வீட்டுக்கு வந்தீர்கள். சாத்துக்குடிப் பையை மேசைமேல் வைத்துவிட்டு, "சிஸ்டர், ரிஜிஸ்டர் எழுதுறத உங்ககிட்டதான் கத்துக்கிடணும்னு எல்லாரும் சொல்றாக" என்றீர்கள். நான் பதில் சொல்லாமல் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அந்தப் புகழ் எனக்கு எந்த நாளில் எழுத்துமூலமாகக் கிடைத்தது என்பது நினைவுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். வாயால் சொன்னால் நடுவில் எனக்குச் சாதகமாக எதையாவது விட்டுவிடுவேன். ஆகவே எழுதுகிறேன்.

நீங்கள் இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் இல்லத்தில் நான் பதினெட்டு வருடம் ஒரே நர்ஸாக இருந்தேன். ராஜபாளையத்துக்கு வெளியே, மில் சுவர் முடிகிற இடத்தில், முப்பத்தொரு ஆண்கள். எல்லோரும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்கள். பாதிப் பேருக்கு வலிப்புக்கோ மனநிலைக்கோ தினசரி மாத்திரை உண்டு. பேண்டேஜ் கம்பெனியிலிருந்து வெட்டிய காஸ் துணி மூட்டையாக வரும். அதை மடித்து அடுக்குவது அவர்களுடைய பகல் வேலை. இதெல்லாம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

நான் சேர்ந்தபோது அங்கே ஒரே ஒரு நோட்டு இருந்தது. யாருக்கு வலிப்பு வந்தது, கேஸ் சிலிண்டர் எப்போது வந்தது, யார் யாரைக் கடித்தார்கள் எல்லாம் ஒன்றுக்கடியில் ஒன்றாக, பால் பாயின்ட் பேனாவில், எண்ணெய்க் கறையோடு. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்று மாதத்தில் அதை ஒன்பது பதிவேடுகளாகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற அட்டை. மஞ்சள், நடத்தை. நீலம், உணவும் உடல்நலமும். சாம்பல், ஊழியர் புகார்கள். பச்சை, காலைக்கடன். மற்ற ஐந்தும் இந்தக் கதைக்கு வேண்டாம். ஒரு தகவல் ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையை நான் கடைசிவரை மீறவில்லை. சிக்கந்தர் சாகக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பச்சைப் பதிவேட்டில் எல்லோருக்கும் ஒரு வரி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். ‘ஆம்’ என்றால் நீல மை, ‘இல்லை’ என்றால் சிவப்பு மை. தொடர்ந்து இரண்டு சிவப்பு விழுந்தால் அன்று மாலை வயிறு இளக மருந்து. காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கட்டத்தை நிரப்பிய விதம் இதுதான். காலை ஆறே காலிலிருந்து ஏழு வரை கழிப்பறை வரிசை. உள்ளே போனவர் வெளியே வரும்போது வாசலில் நிற்கும் ஊழியர், "ஆச்சா?" என்று கேட்பார். "ஆச்சு" என்றால் ஒரு கோடு. அவர் நேரே டீக்குப் போகலாம். ஆகாதவர் மறுபடி உள்ளே போய்ச் செத்த நேரம் உட்கார வேண்டும். ஆகாதவருக்கு டீ கிடையாது என்று நான் சட்டம் எதுவும் போடவில்லை. அவர் வருவதற்குள் டீ ஆறிவிடும், சில நாள் தீர்ந்தும்விடும். சட்டம் போடாமலே சட்டமாகிவிட்ட விஷயங்களை எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை.

சிக்கந்தருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. காஸ் மடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நான்கு மூலையும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்படி மடிப்பார், அதனால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். அத்தாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்ட அக்கா நூர்ஜஹான்தான் அவருக்கு எல்லாம். மாதம் ஒரு முறை இருவரும் வந்து பார்ப்பார்கள். சிக்கந்தருக்குப் பேச்சு குறைவு. பத்துப் பதினைந்து சொற்கள் இருக்கும். அதில் அதிகம் புழங்கியது ‘ஆச்சு’.

இதை வைத்து இல்லத்தில் ஒரு விளையாட்டே நடந்தது. கழிப்பறைகளைக் கழுவும் வேலுத்தாய் மம்சாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். வாய் சும்மா இருக்காது. துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்பாள்:

"ஏலே சிக்கந்தர், கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு."

"புள்ளகுட்டி?"

"ஆச்சு."

"அதுகளுக்கும் கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு, ஆச்சு."

வரிசையில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள். சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். இல்லவாசிகளை ‘ஏலே’ என்று அழைக்கக் கூடாது என்று நான் சுற்றறிக்கை விட்டிருந்ததால், சிரித்து முடித்த பிறகு அவளைக் கண்டிப்பேன். கேட்டதற்கெல்லாம் ‘ஆச்சு’ என்கிற மனிதர் என்று ஊழியர் அத்தனை பேருக்கும் தெரியும். அந்த மனிதரிடம்தான் தினமும் காலையில் ஒரு கேள்வி கேட்டு, பதிலை நீல மையில் எழுதி வந்தோம். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அது விளையாட்டு, இது பதிவேடு.

இனி மாத்திரைகள். சிக்கந்தருக்குத் தூக்கமின்மைக்கும் கூச்சலுக்கும் மனநல டாக்டர் ஒரு மாத்திரை வெகுநாளாகக் கொடுத்து வந்தார். அதனால் கை நடுங்கியது. நடுங்கினால் மூலை சேராது, மடிப்பு கோணும். அதற்கு இன்னொரு டாக்டர் நடுக்கத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதினார். பிறகு ரத்தப் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. ரத்தம் குறைவு என்று மூன்றாவது டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மூன்று சீட்டுகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதிவாரியாகக் கோத்து வைத்தேன். மூன்றுமே குடலை மந்தமாக்கவோ மலத்தை இறுக்கவோ கூடியவை. நர்ஸிங் படித்த யாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தேர்வில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

இரும்பு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் சிக்கந்தர் மாறினார். காஸ் மடிக்கும் மேசையின் விளிம்பில் வயிற்றை வைத்து அழுத்துவார். மேசை நகரும், மற்றவர்களின் அடுக்கு சரியும். மஞ்சள் பதிவேட்டில் எழுதினேன்: ‘மேசையைத் தள்ளி மற்றவர் வேலையைக் கெடுக்கிறார்.’ கால்சட்டை நாடாவைக் கட்டப் போனால் கையை ஓங்குவார். எழுதினேன்: ‘உடை மாற்றும்போது தாக்க முயல்கிறார்.’ மனநல டாக்டர் மாதாந்திர வருகையில் மஞ்சள் பதிவேட்டைத்தான் பார்ப்பார். பார்த்தார். என் கையெழுத்தைப் பாராட்டினார். மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த மாதம் சிக்கந்தர் ஒரு ஊழியரின் கன்னத்தில் அறைந்திருந்தார். அதையும் படித்தார். இன்னும் கூட்டினார். வயிற்றைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயிறு மஞ்சளில் வராது.

இந்த நாட்களில்தான் வேலுத்தாய் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"சிஸ்டர், இந்தாளு உள்ள போனா ரெண்டு வாளித் தண்ணிய மடமடன்னு ஊத்திட்டு வெளிய வாரான். நம்ம ஊர்ல இருக்குற தண்ணிக்கு இப்பிடி ஊத்துனா யாரு செமக்கது? நீங்க சொல்லி வைங்க."

நியாயமான புகார். சாம்பல் பதிவேட்டை எடுத்து எழுதினேன்: ‘சிக்கந்தர், தண்ணீர் விரயம். ஒரு வாளி மட்டும் வைக்க உத்தரவிடப்பட்டது.’ வேலுத்தாயிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். உள்ளே போனவர் என்ன செய்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் வந்தது தண்ணீருக்காக.

பிறகு துணியில் கறை பட ஆரம்பித்தது. தண்ணீராக, அவர் அறியாமலே. நீலப் பதிவேட்டில் ‘பேதி’ என்று எழுதினேன். கீரையையும் பழத்தையும் நிறுத்தினேன். ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தேன். பேதியை நிறுத்தும் மாத்திரையும் கொடுத்தேன், நான்கு நாள். இதை எழுதும்போது இன்றும் என் பேனா தயங்குகிறது. அடைத்துக்கொண்ட சாக்கடையில் அடைப்பின் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்குமல்லவா? கெட்டிப்பட்ட மலத்தின் ஓரமாகவும் அப்படித்தான் கசியும். பார்ப்பவருக்கு அது பேதி. நான் அடைப்புக்கு மேலே இன்னொரு அடைப்பை வைத்தேன்.

அறை வாங்கிய ஊழியர் வேலையை விட்டுப் போனதும் நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கோபத்தில்கூட மரியாதை குறையாது.

"சிஸ்டர், அவிய வீட்டுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிருங்க. இனி நம்மால ஏலாது. மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாக்கச் சொல்லுங்க."

சொன்னேன். மறுமுனையில் நூர்ஜஹான், "எங்க தம்பி ஒரு எறும்பக்கூட அடிக்க மாட்டானே சிஸ்டர். என்ன ஆச்சு அவனுக்கு?" என்றார். மாத்திரை கூட்டியிருக்கிறோம், சரியாகிவிடும், ஆனாலும் இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் இரண்டு எதிர்மாறான செய்திகளைச் சொல்லி ஃபோனை வைத்தேன். உரையாடலின் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆய்வு. அதிகாரி பதினொரு மணிக்கு வருவதாகத் தகவல். எட்டரைக்கே ஒன்பது பதிவேடுகளையும் மேசையில் விசிறியாக அடுக்கிவிட்டேன். ஒன்பதே காலுக்கு மடிப்புக் கூடத்தில் சத்தம். சிக்கந்தர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தார். காலையில் குடித்த டீயைக் கக்கியிருந்தார். பிடிக்கப் போன வேலுத்தாய்க்கு உதட்டில் ரத்தம்.

நிர்வாகி மனநல டாக்டருக்கு ஃபோன் போட்டு என்னிடம் நீட்டினார். நிலைமையைச் சொன்னேன். மஞ்சள் பதிவேட்டுக்கு உரிய நிலைமையை மட்டும்.

"ஊசி இருக்குல்ல சிஸ்டர்? போட்டுருங்க. அரை மணி நேரத்துல அடங்கிருவாரு. நான் சாயங்காலம் பேசுறேன்" என்றார் அவர்.

"அதுதான் நல்லது. அதிகாரி வாரப்போ தூங்குனாருன்னா பிரச்சினை இல்ல" என்றார் நிர்வாகி.

ஊசியில் மருந்தை ஏற்றினேன். நான்கு பேர் சிக்கந்தரின் கைகால்களைப் பிடித்தார்கள். நான் குனிந்தேன். அப்போது வேலுத்தாய் முந்தானையால் உதட்டை ஒற்றிக்கொண்டே, என்னைப் பார்த்தல்ல, பொதுவாகக் கத்தினாள்:

"நல்லாப் போடுங்க ஊசி! என் பாட்டுக்குக் கழுவிட்டுக் கெடந்தேன். தெனம் இந்தாளு உள்ள போறான், தண்ணிய ஊத்துறான், ஆச்சுங்கான். என்னத்த ஆச்சு? பீங்கான் வெச்சது வெச்சபடி பளபளன்னு கெடக்கு. ரெண்டு வாரமாச்சு, கழுவ ஒண்ணுமே இல்ல. வெறும் தண்ணிய ஊத்துறதுக்கு ஒரு ஆளு, அதக் கோடு போட்டு எழுத ஒரு ஆளு!"

"வேலுத்தாய், தினமும் ஆம்னு ரிஜிஸ்டர்ல இருக்கே" என்றேன். என்னையறியாமல் வந்த பதில் அது. ஊசி கையில் இருந்தது.

"இவனுக்குக் கல்யாணங்கூடத்தான் ஆச்சு. அதையும் எழுதிக்கிடுங்க சிஸ்டர்!"

யாரும் சிரிக்கவில்லை. நான் ஊசியைத் தட்டில் வைத்தேன். கால்சட்டை நாடாவைத் தளர்த்தி, இரண்டு மாதத்தில் முதல் முறையாக அவருடைய வயிற்றில் கை வைத்தேன். மேளத்தோல் போல விறைத்திருந்தது. இடது பக்கம் கீழே உருண்டையாக, கல்லாக, விரலுக்குத் தட்டுப்பட்டது. நான் கை வைத்ததும் அவர் என்னையும் அடிக்கக் கை ஓங்கினார். நாடா கட்டப் போனவர்களை ஏன் அடித்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. யார் அழுத்தினாலும் அடிப்பார்கள். நானாக இருந்தாலும் அடித்திருப்பேன்.

"ஊசி வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே" என்றேன்.

நிர்வாகி கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொரு மணிக்கு ஆய்வு, சிஸ்டர். நீங்க இல்லாம யாரு பதில் சொல்லுவா? ஊசி போட்டுட்டு, மத்தியானத்துக்கு மேல கூட்டிட்டுப் போங்களேன். டாக்டரே சொல்லிட்டாருல்ல?"

இந்த இடத்தில் நான் தைரியமாக ஏதோ பேசியதாக எழுத ஆசைதான். உண்மையில் தட்டில் இருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்ன ஊசியைப் போடாமல் இருப்பது அங்கே சேர்ந்த பதினோரு வருடத்தில் அதுவே முதல் தடவை. அவர் சொன்னது தவறில்லை என்றும் தெரியும். நான் சொன்ன தகவலுக்கு அது சரியான மருந்து. ஊசி போட்டால் சிக்கந்தர் அடங்குவார். வலி அடங்காது, அதைச் சொல்லும் ஒரே வழி அடைபடும். மந்தமான குடல் இன்னும் மந்தமாகும். மத்தியானம் அமைதியாகத் தூங்குகிறவரை அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யாருக்கும் தோன்றாது, எனக்கும்தான்.

"பதிவேடெல்லாம் மேசைமேல இருக்கு சார். அதுவே பதில் சொல்லும்" என்று மட்டும் சொன்னேன். வேலுத்தாயும் நானும் அவரை வேனில் ஏற்றினோம். உதடு வீங்கிப்போயிருந்தும் அவள்தான் வழிநெடுக அவருடைய தலையை மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஏலே, அடிச்சது பத்தாதா, கடிக்க வேற செய்யணுமா, சும்மா கெட" என்று திட்டிக்கொண்டேதான் வந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்குப் பழக்கமான ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைவிட இருபது வயது இளையவர். குரல் உயராது.

"கடைசியா எப்ப மோஷன் போனாரு?"

"தினமும் போயிருக்காரு டாக்டர். ரிஜிஸ்டர் இருக்கு." பச்சைப் பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து ஃபோனில் வைத்திருந்தேன். நீட்டினேன்.

அவர் அதை முழுதாகப் பார்த்தார். முப்பது நீலக் கோடுகள். பிறகு எக்ஸ்ரேயைப் பார்த்தார். "இந்த ரிஜிஸ்டருக்கு வயிறு ரொம்ப நல்லா இருக்கு" என்றார். "இவரப் பத்தி ஏதாவது தெரியுமா?"

மாத்திரைகளைச் சொன்னேன். கூட்டியதைச் சொன்னேன். ‘பேதி’ என்றும், நிறுத்த மருந்து கொடுத்தேன் என்றும் சொன்னேன். கடைசி வாக்கியத்தை அவர் சீட்டில் எழுதி அடிக்கோடிட்டார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

"குடல் எவ்வளவு விரிஞ்சிருக்குன்னு பாருங்க. ஓட்டை விழுந்திருந்தா இவ்வளவு நேரம் பேசிட்டு இருக்க மாட்டோம். நாளைக்கு வந்திருந்தீங்கன்னா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது. இன்னும் ஆபத்து நீங்கல. வீட்டு ஆளுங்களக் கூப்பிடுங்க."

நூர்ஜஹான் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார், கணவரும் கூட. தம்பியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என்ன சிஸ்டர் இது? பத்து நாளைக்கு முன்னால பேசுனீங்களே. அடிக்கிறான், வேற எடம் பாருன்னு சொன்னீங்களே. வயித்த வலிக்குதுன்னு சொல்லலியே?"

"அவர் சொல்லலம்மா."

"அவன் எப்பிடிச் சொல்லுவான்?"

"தினமும் கேட்டோம். ஆச்சுன்னு சொன்னாரு."

நூர்ஜஹான் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "எங்க அத்தா மவுத்தாகி அடக்கம் பண்ணுன அன்னிக்கு, சாப்பிட்டியான்னு கேட்டதுக்கும் ஆச்சுன்னான். அன்னிக்கு முழுக்க ஒருத்தரும் அவனுக்குச் சோறு போடல. பொறவுதான் எங்களுக்கே தெரியும். அவன்கிட்டயா கேட்டீங்க?" என்றார்.

இரண்டு நாள் ஆனது. எனிமா, மயக்கம் கொடுத்துக் கையால் எடுத்தது, மறுபடி எனிமா. விவரம் உங்களுக்குத் தெரிந்ததே. கத்தி வைக்காமல் முடிந்தது. மூன்றாம் நாள் காலை சிக்கந்தர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். நாடாவை நானே கட்டிவிட்டேன். கை ஓங்கவில்லை.

மனநல டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்ட யாரும் வயிறுன்னு சொல்லலியே சிஸ்டர்" என்றார். உண்மை. "நானும் கேக்கல" என்று அவரே தொடர்ந்தார். அதுவும் உண்மை. நடுக்க மாத்திரையை முதலில் நிறுத்தினார், மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார், தினசரி இளக்க மருந்து எழுதினார். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் அவர் கேட்கும் முதல் கேள்வி வயிற்றைப் பற்றித்தான். சிக்கந்தர் யாரையும் அடிக்கவில்லை. வேறு இடம் பார்க்கச் சொன்ன பேச்சை யாரும் திரும்ப எடுக்கவில்லை. நிர்வாகி மட்டும் ஒருநாள், "அது நானா சொன்னேன்?" என்று கேட்டார்.

நான் நான்காம் நாள்தான் இல்லத்துக்குத் திரும்பினேன். என் மேசையில் ஆய்வுக் குறிப்பு இருந்தது. ‘பதிவேடுகள் மிக நேர்த்தியாகப் பராமரிக்கப்படுகின்றன. குறிப்பாகக் காலைக்கடன் பதிவேடு மற்ற இல்லங்களுக்கு முன்மாதிரியாக உள்ளது.’ ஆய்வுக்கு மறுநாளின் கட்டத்திலும், சிக்கந்தர் பெயருக்கு நேரே, யாரோ பழக்கத்தில் ஒரு நீலக் கோடு போட்டிருந்தார்கள். அப்போது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். நீங்கள் கேள்விப்பட்ட என் புகழ் இங்கிருந்து தொடங்கியதுதான். அந்தக் குறிப்பைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியதும் நிர்வாகியே.

ஏற்பாடுகளை மாற்றினோம். டீ முதலில், கழிப்பறை பிறகு. வாளி வெளியே இருக்கும், தண்ணீர் ஊற்றுவது பார்த்த பிறகு ஊழியர் செய்யும் வேலை. யாரிடமும் ‘ஆச்சா’ என்று கேட்பதில்லை. மலம் எப்படி இருக்கும் என்று எண்ணிட்டுக் காட்டும் ஏழு படங்கள் கொண்ட அட்டையைச் சுவரில் ஒட்டினேன். ஒன்று என்றால் கல், நான்கு என்றால் சரி, ஏழு என்றால் வெறும் தண்ணீர். அது விருந்தாளிகள் நடக்கும் வழி என்று நிர்வாகி வருத்தப்பட்டார். விருந்தாளிகளுக்கும் பயன்படும் என்றேன். வேலுத்தாய்க்கு எண் தெரியும், எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல ஊழியர் எழுதுவார். "மூணு. இவரு நாலு. அந்தா போறாரே, அவருக்கு ஒண்ணு, ஆட்டுப் புழுக்கை, மருந்து குடுங்க." இவ்வளவு சுருக்கமான மருத்துவ அறிக்கையை நான் மதுரையில்கூடக் கேட்டதில்லை. யாராவது திடீரென அடித்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, மேசையில் சாய்ந்தாலோ, அதை நடத்தை என்று எழுதும் முன் வயிற்றில் கை வைக்க வேண்டும். புதிதாக எந்த மாத்திரைச் சீட்டு வந்தாலும் பழைய சீட்டுகளோடு அருகருகே வைத்து, எழுதிக் கொடுத்தவரிடமே குடலை என்ன செய்யும் என்று கேட்க வேண்டும். ஒன்பது பதிவேடுகளையும் ஒரே நோட்டாக்கினேன், ஆளுக்கு ஒரு பக்கம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.

நூர்ஜஹான் இதில் எதையும் நம்பவில்லை. டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் சொன்னார்: "நான் அவன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது சிஸ்டர், எம் மாமியா படுக்கைல கெடக்காக. அதனால ஒண்ணு செய்யுங்க. தெனம் காலைல எட்டு மணிக்கு எனக்கு ஃபோன் போட்டுச் சொல்லுங்க. அவன்கிட்ட கேட்டு வேண்டாம். பாத்துட்டு."

"காலங்காத்தால பசியாறுற நேரத்துலயா?" என்றார் அவருடைய கணவர்.

"ஆமா" என்றார் நூர்ஜஹான்.

ஏழு வருடம் சொன்னேன். விடுமுறை நாளில் வீட்டிலிருந்து வேலுத்தாயிடம் கேட்டுச் சொன்னேன். பெருநாளன்றும் தேர் அன்றும் சொன்னேன். முதல் சில மாதம் கணவர் எடுத்தால் முனகிக்கொண்டே மனைவியிடம் கொடுப்பார். பிறகு அவரே, "என்ன சிஸ்டர், இன்னிக்கு எத்தன?" என்று கேட்க ஆரம்பித்தார். நான் ஓய்வு பெற்ற அன்றும் அவர்தான் எடுத்தார். "நாலு" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அன்றுதான் எனக்குக் கடைசி நாள் என்று சொன்னதும் ஃபோன் நூர்ஜஹானிடம் போனது. "நாளைக்கு யாரு பேசுவா?" என்றார். புதிதாக மூன்று பேர் வருகிறார்கள், எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர்கள் பேசுவார்கள் என்றேன். வேலுத்தாய் எனக்கு முன்பே வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

இப்போது நான் இதை எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். இன்று காலை எட்டேகாலுக்கு நூர்ஜஹான் என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், புதுசா வந்த புள்ளைக நல்ல புள்ளைகதான். ஒரு நாள் தப்பாம ஃபோன் பண்ணுதுக. ஆச்சுக்கா, ஆச்சுக்கான்னு சொல்லுதுக. எத்தனன்னு கேட்டா நார்மல்ங்குதுக. பாத்தீங்களான்னு கேட்டேன். அவர்ட்ட கேட்டோம்க்கா, அவரே சொன்னாருன்னுதுக."

இதை இன்றே ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். பதினேழு நாளாக உங்கள் குரலில் அவர் கேட்டுக்கொண்டிருப்பது சிக்கந்தரின் பதில். இந்தக் காகிதம் உங்கள் கைக்கு வரும்போது மணி எதுவானாலும், படித்து முடித்துவிட்டு அவரிடம் போங்கள். எதுவும் கேட்க வேண்டாம். நாடாவைத் தளர்த்தி வயிற்றில் கை வையுங்கள். பிறகு நூர்ஜஹானுக்கு ஃபோன் செய்யுங்கள். எட்டு மணிவரை காத்திருக்க வேண்டாம்.